பதிமூன்று கண் பாலமும் ஒரு சிறு படமும்

போன மாதம் அண்ணாச்சியைப் பார்க்கப் போயிருந்தேன். வயது எண்பத்து நாலு. காது கொஞ்சம் மந்தம், கண் மட்டும் இன்னும் கூர்மை. பேசிக்கொண்டிருந்தவர் எழுந்து போய், பீரோவுக்கு மேலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தார். எல்லாம் நாங்கள் 1970களில் ஊர் ஊராகப் போய் எடுத்த படங்கள். மேலாக இருந்த படத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்தப் படத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதைச் சொல்லும் முன், பயணத்தில் எடுத்த படத்தைக் கூட்டாளிகளிடம் காட்டி நல்லது கெட்டது கேட்கும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். அதில் நம் பக்கத்துச் சங்கதியும் இருக்கிறது.

கடையத்திலிருந்து பாபநாசம் எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும். கேமரா என்ற ஒன்று பிறப்பதற்கு முன்பே அந்த அருவியின் படம் லண்டனில் விற்பனையானது. தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்று இரண்டு ஆங்கில ஓவியர்கள். சித்தப்பனும் மகனும் மாதிரியான உறவு. 1792-ல் தெற்கே சுற்றி வந்தபோது பாபநாசம், குற்றாலம், களக்காட்டுப் பக்கம் எல்லாம் வந்து வரைந்தார்கள். ஊர் திரும்பி 'ஓரியண்டல் சீனரி' என்று 1795 முதல் 1808 வரை 144 படங்களை அச்சிட்டார்கள். பாபநாசத்துக்கும் அதில் இடம் உண்டு.

அவர்கள் கையில் ஒரு இருட்டுப் பெட்டி இருந்தது. முன்னால் ஒரு கண்ணாடி வில்லை. எதிரே இருக்கும் மலையும் கோயிலும் பெட்டிக்குள் காகிதத்தில் நிழலாக விழும்; அதன் மேல் பென்சிலை ஓட்ட வேண்டியதுதான். விழுந்த நிழலைப் பிடித்து நிறுத்தும் மருந்து மட்டும் அப்போது கைக்கு வரவில்லை. அது வர 1839 ஆயிற்று.

மருந்து கிடைத்த பிறகு படம் எடுக்கும் பைத்தியம் முதலில் பிடித்தது தொழில்காரர்களை அல்ல. டாக்டர், பட்டாளத்து அதிகாரி, வக்கீல் என்று வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களை. புத்தகத்தைப் பார்த்து மட்டும் கற்றுக்கொள்ள முடியாத வித்தை அது. ஒருத்தருக்கு மருந்துக் கலவை தப்பும், இன்னொருத்தருக்குக் காகிதம் கறுத்துப் போகும். ஆகவே கூடிப் பேச இடம் தேடினார்கள். லண்டனில் 1853-ல் ஒரு சங்கம் வைத்தார்கள். அடுத்த வருஷமே பம்பாயில் ஒன்று. பிறகு கல்கத்தா. அதையொட்டியே சென்னையிலும் வந்துவிட்டது. அதற்கு முன் நின்றவர் டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர். 1850-ல் சென்னையில் ஓவியப் பள்ளியை ஆரம்பித்த அதே மனிதர். ரயில் ஓடத் தொடங்கிய அந்தக் காலத்திலேயே சென்னையில் படம் எடுப்பவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது என்றால் நம்மில் பலர் நம்ப மாட்டோம்.

அந்தச் சங்கம் வருவதற்குச் சற்று முன், 1855 பிப்ரவரியில், சென்னையில் ஒரு பெரிய பொருட்காட்சி நடந்தது. அங்கே லின்னேயஸ் டிரைப் என்ற பட்டாளத்து கேப்டன் 68 படங்களைக் கொண்டுவந்து வைத்தார். ஹளேபீடு, பேளூர் என்று மைசூர்ப் பக்கத்துக் கோயில்களுக்குப் போய் எடுத்தவை. யாரும் அவரை எடுக்கச் சொல்லவில்லை. விடுமுறையில், சொந்தக் காசில், ஆசைக்கு எடுத்தது. நடுவர்கள் அவற்றைத்தான் ஆகச் சிறந்த வரிசை என்று சொன்னார்கள். பொழுதுபோக்காக எடுத்ததை நாலு பேர் பார்வைக்கு வைத்ததால் அவர் வாழ்க்கையே திரும்பிவிட்டது. அதே வருஷம் பர்மாவுக்குப் போன தூதுக்குழுவோடு படம் எடுக்க அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் சென்னை ராஜதானியின் அரசாங்கப் புகைப்படக்காரர் என்ற பதவி கிடைத்தது.

1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு கிளம்பினார். ராயக்கோட்டை, திருச்சி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றிவிட்டு 1858 ஏப்ரல் கடைசியில் சென்னை போய்ச் சேர்ந்தார். இன்றைக்கு மாதிரி பைக்குள் போட்டுக்கொண்டு போகிற சாமான் இல்லை. பெரிய மரக் கேமரா. நெகட்டிவ் என்பது மெழுகு ஏற்றிய காகிதம். ஒவ்வொன்றும் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. நம் வெயிலில் அந்த மருந்துகளை வைத்துக்கொண்டு அவர் பட்ட பாட்டை, இருட்டறையில் வியர்த்து ஒழுகி வேலை பார்த்தவர்கள் அறிவார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, கிட்டத்தட்ட இருபது அடி நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கினார். மதுரைக்கு மட்டும் நாலு தொகுதி. மதுரையைத் தாண்டி நம் தாமிரபரணிக் கரைக்கு அவர் வரவில்லை என்பதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு.

1859-ல் சர் சார்லஸ் டிரவெலியன் சென்னைக்கு கவர்னராக வந்தார். கஜானா நிலைமை சரியில்லாத நேரம். படம் எடுப்பதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று நிறுத்தச் சொல்லிவிட்டார். டிரைப் கடையைக் கட்டிவிட்டுப் பட்டாளத்துக்குத் திரும்பினார்.

செலவு மிச்சம் என்று கவர்னர் நினைத்திருப்பார். ஆனால் அந்தத் தொகுதியில் திருமலை நாயக்கர் மகாலைப் பாருங்கள். இடிந்து, பாழடைந்து கிடக்கிறது. பத்து வருஷம் போல் கழித்து நேப்பியர் பிரபு கவர்னராக இருந்தபோதுதான் அதைப் பழுது பார்த்தார்கள். இன்று நாம் ஒலி ஒளிக் காட்சி பார்க்கும் மகாலுக்கும் அதற்கும் நிறைய வித்தியாசம். பழுது பார்க்குமுன் அது எப்படி இருந்தது என்பதற்கு டிரைப்பின் படம் சாட்சி. அன்றைக்கு யாராவது "இடிஞ்ச சுவரை எதுக்குய்யா எடுத்தீர், நல்லா இருக்கிற பக்கமா எடுக்கக் கூடாதா?" என்று கேட்டிருந்தால் பதில் சொல்லக் கஷ்டப்பட்டிருப்பார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பொருட்காட்சியும் சங்கமும் பெரிய ஊர்க்காரர்களுக்கு. தள்ளி இருப்பவர்கள் என்ன செய்வது? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 1855-ல் லண்டனில் ஒரு பரிமாற்றச் சங்கம் வந்தது. ஒவ்வொரு உறுப்பினரும் தான் எடுத்த படத்தில் பிரதிகள் போட்டு மற்ற எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். எந்த முறையில் எடுத்தது என்ற விவரத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். எல்லார் வீட்டிலும் எல்லார் படமும் இருக்கும். 1861-ல் அமெரிக்காவில் இருபது பேர் போலச் சேர்ந்து இதே மாதிரி தபாலில் படங்களைப் பரிமாறிக்கொண்டார்கள். அங்கே உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. அதற்கு நடுவிலும் ஒருவர் தன் ஊர் ஓடையையும் மரப்பாலத்தையும் எடுத்து இன்னொருவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். படத்தின் பின்பக்கத்தில் என்ன இடம், யார் எடுத்தது என்று சீட்டு ஒட்டியிருக்கும்.

பிறகு இங்கிலாந்தில் சுற்றுப் பெட்டி என்று ஒரு ஏற்பாடு. ஒரு பெட்டிக்குள் எல்லார் படமும், கூடவே ஒரு நோட்டும் இருக்கும். பெட்டி தபாலில் உங்கள் வீட்டுக்கு வரும். மற்றவர் படங்களைப் பார்த்து உங்கள் அபிப்பிராயத்தை நோட்டில் எழுத வேண்டும். போன சுற்றில் நீங்கள் வைத்த படத்தை, அதைப் பற்றி மற்றவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு, எடுத்துக்கொள்ளலாம். புதுப்படம் ஒன்றை வைத்து அடுத்தவருக்கு அனுப்பிவிட வேண்டும். முகம் பார்க்காத மனிதர்கள் வருஷக் கணக்கில் இப்படியே பழகினார்கள்.

1888-ல் ஈஸ்ட்மன் கோடக் பெட்டியைக் கொண்டுவந்தார். நூறு படம் எடுத்துவிட்டுக் கேமராவையே கம்பெனிக்கு அனுப்பினால் கழுவிப் பிரதி போட்டுத் தருவார்கள். 1900-ல் ஒரு டாலருக்கு பிரவுனி கேமரா வந்தது. அதோடு படம் எடுப்பது யார் வேண்டுமானாலும் செய்கிற காரியம் ஆயிற்று.

நம் ஊர்க்காரர்கள் கையில் அது வந்து சேர இன்னும் நாளாயிற்று. அதுவரை படம் என்றால் ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்துக்கொள்வதுதான். பாரதியார் 1918 கடைசியில் நம் கடையத்துக்கு வந்து, 1920 வரை இங்கே இருந்தார். செல்லம்மாள் பிறந்த ஊர் அல்லவா. கையில் கம்போடு அவர் இருக்கும் படம் இந்தக் காலத்தில் அவர் செட்டிநாட்டுப் பக்கம் போயிருந்தபோது காரைக்குடியில் எடுத்தது. இங்கிருந்து போன பயணத்தில் எடுத்த படம். அந்தப் பயணம் இல்லையென்றால் நம் வீட்டுச் சுவர்களில் அந்த முகம் இல்லை.

பயணத்தையும் படத்தையும் சேர்த்துப் பிடித்த தமிழர் என்றால் ஏ.கே. செட்டியார். கோட்டையூர்க்காரர். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் போய்ப் புகைப்படக்கலை படித்தார். காந்தியைப் பற்றி யார் யாரோ எங்கெங்கோ எடுத்துப் போட்டிருந்த படச் சுருள்களை உலகம் சுற்றிச் சேர்த்து, 1940-ல் முழுநீளப் படமாக வெளியிட்டார். அவர் எடுத்ததைவிட, மற்றவர்கள் எடுத்ததைத் தேடிப் போய்ப் பார்த்து, இது முக்கியம் என்று உணர்ந்ததுதான் பெரிய காரியம் என்று எனக்குத் தோன்றும்.

இன்னொருவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். காடு காடாகச் சுற்றிக் கறுப்பு வெள்ளையில் யானையையும் மானையும் எடுத்தார். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தனக்கென்று ஒன்றைக் கட்டி அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்திருந்தார். படம் அழகாக இருக்கிறதா என்பதைவிட அந்த மிருகம் அந்த நேரத்தில் என்ன செய்தது என்பதே அவருக்கு முக்கியம். பார்த்ததை எழுதியும் வைத்தார்.

1953-ல் இந்தியப் புகைப்படச் சங்கங்கள் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்தன. பெங்களூர் ஜி. தாமஸ் அதற்கு ஓடியாடி உழைத்தவர். ஊர் ஊராகக் கண்காட்சிகள், நடுவர்கள், மதிப்பெண்கள் வந்தன. கூடவே சட்டங்களும் வந்தன. அடிவானம் கோணக்கூடாது, நடுவில் ஆள் நிற்கக்கூடாது, ஓரத்தில் தேவையில்லாதது எட்டிப் பார்க்கக்கூடாது என்பது மாதிரி. அந்தச் சட்டங்கள் பத்திரிகை வழியாகக் கடையம் வரைக்கும் வந்து சேர்ந்தன.

இப்போது எங்கள் கதைக்கு வருகிறேன்.

நாங்கள் ஆறு பேர். இரண்டு வாத்தியார்கள், ஒரு தபால் ஆபீஸ் குமாஸ்தா, ஒரு ஜவுளிக்கடைக்காரர், நான், அண்ணாச்சி. ஆறு பேருக்கும் சேர்த்து மூன்று கேமரா. அண்ணாச்சியிடம் இருந்தது ஆக்ஃபா கிளிக் 3. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு சதுரப் படம். ஷட்டர் வேகத்தை மாற்ற வழி கிடையாது. ஃபிலிம் பெரும்பாலும் ஊட்டியில் தயாரான 'இந்து'. ஸ்டூடியோவில் கழுவி, நெகட்டிவ் அளவிலேயே சின்னச் சின்னப் பிரதி போட்டுத் தருவார்கள். அதில் நல்லது என்று முடிவானால்தான் பெரிது பண்ணுவது. பெரிது பண்ணக் காசு அதிகம். ஆகவே எதைப் பெரிது பண்ணுவது என்று முடிவு செய்ய ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஜவுளிக்கடைக்காரர் வீட்டுத் திண்ணையில் கூடுவோம். சுக்குக் காப்பியும் சேவும் வரும். ஒவ்வொருத்தர் படமாகக் கைமாறும். பத்திரிகை வாங்கிப் படிக்கிறவன் நான் ஒருத்தன்தான் என்பதால் சட்டம் பேசுகிறவனும் நானே.

1979-ல் அண்ணாச்சி தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆரியங்காவு ஐயப்பன் கோயிலுக்குப் போனார். கும்பிட்டுவிட்டு அப்படியே தென்மலைப் பக்கம் பஸ்ஸில் போயிருக்கிறார்கள். வழியில் கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலம். 1904-ல் செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு மீட்டர் கேஜ் ரயில் விட்டபோது கட்டிய கல் பாலம். நம்மில் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். அண்ணாச்சி ரோட்டில் நின்று காத்திருந்து, ரயில் புகை விட்டுக்கொண்டு பாலத்தில் வந்த நேரம் பார்த்து அமுக்கிவிட்டார்.

திண்ணைக்குப் படம் வந்தது. பாலம் இருக்கிறது, ரயிலும் புகையும் இருக்கிறது. இடது பக்கம் பஸ்ஸுக்கு நிற்கும் நாலைந்து பெண்கள். ஒருத்தி தலையில் பலாப்பழக் கூடை. ஓரத்தில் அண்ணாச்சியின் அம்மா குடையோடு நிற்கிறார். பாலத்தின் மூன்று கண்களை அவர்கள் மறைத்துவிட்டார்கள்.

"படம் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஆனா ஆளுக பாலத்த மறைக்காங்க. இடது பக்கத்த வெட்டிட்டுப் பெருசு பண்ணச் சொல்லுங்க" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தார். "அம்மயும் போயிருவாள்லா?"

"அம்மைக்கு வேற படம் எடுத்துக்கிடலாம் அண்ணாச்சி. இது பாலத்துப் படம்லா."

மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள். ஸ்டூடியோவில் இடது பக்கத்தை வெட்டிக் கேபினட் சைஸில் போட்டார்கள். அருமையான படம். வருஷக் கணக்கில் ஸ்டூடியோ வாசல் கண்ணாடிக்குள் இருந்தது. எங்கள் கூட்டத்தில் அவ்வளவு பெயர் வாங்கிய படம் வேறு கிடையாது. உற்றுப் பார்த்தால் இடது ஓரத்தில் குடையின் நுனி மட்டும் கறுப்பாகத் தெரியும். அதையும் வெட்டியிருக்கலாம் என்று நான்தான் ஒருமுறை சொன்னேன்.

அம்மாவுக்கு வேறு படம் எடுக்கவே இல்லை. "படம் எடுத்தா ஆயுசு கொறையும்" என்று கேமராவைக் கண்டாலே அடுக்களைக்குள் போய்விடுவார். 1986-ல் அவர் காலமானார். பதினாறாம் நாளுக்குப் படம் வேண்டுமே. வீடு முழுக்கத் தேடினார்கள். நெகட்டிவ்கள் எல்லாம் ஒரு அடைமழையில் ஓடு ஒழுகி ஒன்றோடொன்று ஒட்டிப் பாழாகிவிட்டன. மிச்சமாகக் கிடைத்தது அந்தச் சதுரப் பிரதி ஒன்றுதான். உள்ளங்கைக்குள் அடங்குகிற படம். அதில் அம்மாவின் முகம் ஒரு மிளகு அளவு.

ஸ்டூடியோக்காரர் அதையே திருப்பிப் படம் எடுத்து, பெரிது பண்ணி, கண்ணும் மூக்கும் டச்சிங் செய்து கொடுத்தார். மாலை போட்டு மாட்டினார்கள். அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "மொகம் அம்ம மாதிரி இல்லடே. ஆனா நிக்கிற நெல அம்மதான்." என்னைக் குறையாக ஒரு சொல் சொல்லவில்லை. அன்றும் இல்லை, இன்றுவரை இல்லை.

2010 செப்டம்பரில் செங்கோட்டை - புனலூர் மீட்டர் கேஜ் நின்றது. 2018-ல் அகல ரயில் வந்துவிட்டது. பதிமூன்று கண் பாலம் அப்படியே நிற்கிறது. நாளைக்குப் போனாலும் எடுக்கலாம். அந்தச் சின்ன ரயில் இல்லை, புகை இல்லை. பலாப்பழக் கூடைக்காரி இல்லை, அம்மா இல்லை. பாலத்தை மறைக்கிறார்கள் என்று நான் வெட்டச் சொன்னது எதுவோ, அதைத்தான் இனிமேல் யாராலும் எடுக்க முடியாது.

டிரைப்பின் இடிந்த மகாலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். படத்தைப் பார்த்து அபிப்பிராயம் சொல்வது நல்ல பழக்கம். அது இல்லாமல் நாங்கள் ஒன்றும் கற்றிருக்க மாட்டோம். ஆனால் நான் அன்றைக்கு அடிவானத்தையும் ஓரத்தையும் பார்த்தேனே தவிர, "இதுல நிக்கது யாரு அண்ணாச்சி, அன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்கவில்லை. அவர் "அம்மயும் போயிருவாள்லா" என்று சொன்னதும் எனக்குக் காதில் விழவில்லை. இப்போது வாட்ஸ்அப்பில் பேரன் பேத்திகள் போகும் ஊரெல்லாம் படமாக வந்து விழுகிறது. எல்லாவற்றுக்கும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு நகர்கிறோம். அன்றைக்கு நான் அதிகம் சொல்லிக் கெடுத்தேன். இன்றைக்கு ஒன்றுமே சொல்லாமல் இருக்கிறோம். கேள்வி கேட்பது இரண்டிலும் விட்டுப்போகிறது.

போன மாதம் டப்பாவிலிருந்து அந்தச் சதுரப் பிரதியை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் நான் அதைத் திருப்பியதே இல்லை. பின்பக்கத்தில் பென்சிலால் அண்ணாச்சியின் கையெழுத்து: கழுதுருட்டி, 1979, மத்தியானம், அம்மா பஸ்ஸுக்கு நிற்கிறாள். பாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் எடுத்தது பாலத்துப் படமே அல்ல போலிருக்கிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு டப்பா இருக்கும். ஒரு நாள் சாவகாசமாக இறக்கிப் பாருங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும்; மெல்லிய பென்சில் போதும். எந்த ஊர், எந்த வருஷம், யார் யார் என்று நினைவு இருக்கும்போதே எழுதிவிடுங்கள். வீட்டில் வயதானவர் இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டு எழுதுங்கள். அண்ணாச்சியும் நானும் வாரம் ஒரு நாள் அந்த டப்பாவோடு உட்காருவது என்று வைத்திருக்கிறோம். இதுவரை நாற்பது படம் எழுதியாகிவிட்டது. அவர் சொல்கிறார், நான் எழுதுகிறேன்.